கை வர வேண்டும்

செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும்.
பதினொன்றரைக்கு வந்தார் ரமொகெலே.
குதிரையின் பெயர் பென்ஷன்.
எழுபது வயதில் அரசாங்கம் தந்த முதல் பணத்தை
முன்பணமாகக் கொடுத்து வாங்கியது.
இப்போது இருவருக்கும் மூட்டு வலி.

போர்வையின் ஊக்கைக் கழற்றி
உள்ளிருந்து ஒரு மாவுப் பையை எடுத்தார்.
பைக்குள் நோட்டுப் புத்தகங்கள்.
இந்த லெசோத்தோ மலையில் நோயாளியின் சரித்திரம்
ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்காது,
அவரவர் தலையணைக்கடியில் இருக்கும்.
ஏழு தலையணைகளைத் தூக்கியிருக்கிறார் மனிதர்.

"புத்தகத்தில் ரத்தம் ஓடாது ஐயா.
கை வர வேண்டும். பட்டை சுற்றிப் பார்த்துத்தான் மாத்திரை."
சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினேன்.
அவர் சன்னலைக் காட்டினார்.

சன்னலில் செங்கு ஆறு,
பிப்ரவரி நிறத்தில்,
ஒரு முழு மரத்தை வேரோடு இழுத்துப் போய்க்கொண்டிருந்தது.
"ஏழு பேருக்கும் பதினான்கு கை.
துடுப்புப் பிடிக்கிற கை அதில் ஒன்றுமில்லை.
பாலத்தைச் சுற்றி வந்தால் ஏழு மணி நேரம்.
குதிரை ஒன்று."

ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
மாலிம்போ: மாத்திரை போன வாரமே தீர்ந்திருக்க வேண்டும்.
தீரவில்லையாம்.
ஆட்டு மயிர் வெட்டும் கத்திரியால் ஒன்றை இரண்டாக்கி,
ஞாயிறு மட்டும் முழுசு விழுங்குகிறாள்,
தேவாலயத்தில் தலை சுற்றி விழக்கூடாதென்று.
மாநெயோ: காலில் புண். எறும்பு ஊர்வது தெரியவில்லை.
செகேதே: பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.
பிரித்தால் தீர்ந்துவிடுமே.

ரன்தோ?
"அவர் குறை ஒன்றும் சொல்வதில்லை."

செப்டம்பரிலிருந்து இந்த நாற்காலி எனக்கு.
குறை சொல்லாத கிழவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.
பேனாவை மூடினேன்.
வெளியே பென்ஷன் மூக்கைச் சிந்தியது.

ஜூன் பனியில் போய்விட்டாராம் ரன்தோ.
மண் இளகவில்லை, தீ மூட்டித் தோண்டினார்கள்.
அவருடைய புத்தகம் மட்டும் சாகவில்லை.
அதன் பேரில் வருகிற மாத்திரை அவர் மனைவிக்கு.
அவளுக்கென்று புத்தகம் கிடையாது,
அவள் கையை எந்தப் பட்டையும் இறுக்கியதில்லை.
"அவருக்கு இருந்த அதே தலைவலிதான்" என்றார் ரமொகெலே,
பரம்பரைச் சொத்தைப் பற்றிச் சொல்வது போல.

புரட்டினேன். நவம்பர் பன்னிரண்டு.
என் கையெழுத்து.
இறந்து ஐந்து மாதமான ஒருவர்
என் எழுத்தில் நலமாக இருக்கிறார்,
நூற்று முப்பதுக்கு எண்பத்தைந்து.

அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன்?
மேல்வரியிலிருந்து.
வாசலில் இன்னும் நாற்பது பேர் நின்றால் நீங்களும் எடுப்பீர்கள்.

மாதக் கடைசியில் மசேரு போகும் அறிக்கையில்
அறுபதைத் தாண்டியவர்களின் வருகை கூடியிருக்கிறது,
ஆற்றுக்கு அப்பாலிருந்தும்.

"உங்கள் புத்தகம் எங்கே?"
"குதிரைக்குப் பாரம்."
கேட்காமலே அவர் சட்டைக் கையைச் சுருட்டினேன்.
இன்று அக்கரையிலிருந்து வந்த ஒரே கை.
உள்ளங்கையில் கடிவாளம் தேய்த்த பளபளப்பு.
பட்டை இறுகியது, எண்கள் ஏறின,
இருநூற்றுப் பதினாலில் நின்று யோசித்தன.

ஒரு மாத்திரை, என் கண் முன்னால், முழுசாக.
மூன்று மணி வரை பெஞ்சில் படுக்க வைத்தேன்.
தூங்கவில்லை, சன்னல் வழியாகக் குதிரையை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒன்று. மறுபடியும் ஒன்று.

ஆறு பொட்டலம் கட்டினேன்.
ஏழாவதை ரன்தோ பேரில் எழுத மனம் வரவில்லை,
எழுதாமலிருக்கவும் வரவில்லை.
புதுப் புத்தகம் எடுத்தேன்.
பெயர்: மாசெலோமோ. வயது: தெரியாது.
அழுத்தம் என்ற கட்டம் காலி.
புத்தகத்துக்குள் எதையாவது வைத்தேனா என்று
தயவுசெய்து கேட்காதீர்கள்.

"மே மாதம் தண்ணீர் வடிந்ததும் நானே அந்தக் கரைக்கு வருகிறேன்.
பட்டையை எடுத்துக்கொண்டு."
எனக்கு முன்னால் இருந்த நர்சும் சொல்லியிருப்பாள் போல.
அவர் சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.
சேணத்தை இறுக்கிக்கொண்டே,
"படகுக்காரனுக்குப் பத்து மலோட்டி" என்றார்,
"சில்லறையாக வைத்துக்கொள்."